கேஸ் வைத்த நாற்காலி

"நம்பகமான ஆளாப் பார்த்துக் குடுய்யா. சேர் போகலைன்னா நீ போயிடு."

முதலாளி இதை இரண்டாவது முறையாகச் சொன்னார். அவருடைய இடது கை கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது, வலது கை வலிக்கிற இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. முதல் முறை சொன்னபோதே டெஸ்பாட்ச் தலையை ஆட்டிவிட்டான். இரண்டாவது முறைக்கு எதை ஆட்டுவது என்று தெரியாமல் கையிலிருந்த காகிதத்தை ஆட்டினான்.

அந்த நாற்காலிக் கம்பெனியில் யாருக்கும் பெயர் கிடையாது. பார்க்கிற வேலைதான் பெயர். கணக்கெழுதும் அம்மாள் அக்கவுண்ட்ஸ், சாமான் அறையைப் பார்த்துக்கொள்பவர் ஸ்டோர்ஸ், சரக்கு அனுப்புகிற இவன் டெஸ்பாட்ச். ஒருமுறை இவன் மனைவி போன் செய்து, புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னாள். "அப்படி யாரும் இங்க வேலை பார்க்கலையேம்மா" என்று அக்கவுண்ட்ஸ் உண்மையாகவே வருத்தப்பட்டாள். தினமும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு இவன் எங்கேதான் போகிறான் என்று அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு விசாரணை நடந்தது.

அவன் ஆட்டிய காகிதம் ஒரு வெளிநாட்டுக் கடையின் ஆர்டர். ஒரே ஒரு நாற்காலி. ஏற்றி இறக்கும் லிவர், வழக்கம்போல வலது பக்கம் இல்லாமல் இடது பக்கம் இருக்க வேண்டும். விமானத்தில் அனுப்ப வேண்டும், வாடிக்கையாளர் அவசரப்படுகிறார். இது மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தால் அடுத்து கன்டெய்னர் கணக்கில் ஆர்டர் தருவோம் என்று அந்தக் கடைக்காரர் எழுதியிருந்தார்.

நாற்காலி தயாராகிவிட்டது. முதலாளி அதைப் பார்க்கவில்லை. அவர் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்து வருஷக்கணக்காகிறது. அவர் உட்காருவது அவருடைய அப்பா காலத்து மர நாற்காலியில். அது ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும், அவரும் ஒரு பக்கம் சாய்ந்தே இருப்பார். "நம்ம சேர் ஒண்ணைக் கொண்டுவந்து போடட்டுமா சார்?" என்று ஸ்டோர்ஸ் ஒரு நாள் கேட்டுப் பார்த்தார்.

"நம்ம ஆளுங்க செஞ்சதுல நான் உக்காரணுமா? எனக்கு இருக்கிறது ஒரே ஒரு முதுகுய்யா" என்றார் முதலாளி. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

டெஸ்பாட்ச் அதுவரை அறிந்தது லாரி மட்டும்தான். ஒரு தார்ப்பாய், ஒரு கயிறு, டிரைவருக்கு ஒரு டீ, அதோடு வேலை முடிந்தது. விமானத்துக்கு என்ன செய்வது என்று ஸ்டோர்ஸைக் கேட்டான்.

"நேரா ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் ஏத்திட முடியாதா?"

"ஏர்போர்ட்ல உன்னையே உள்ள விட மாட்டான், பெட்டியை விடுவானா? நடுவுல ஃபார்வர்டர்னு ஒருத்தர் வேணும்யா. பெட்டியை வாங்கி, எடை போட்டு, பேப்பர் ரெடி பண்ணி, கஸ்டம்ஸ்ல காட்டி, ஃப்ளைட்ல ஏத்தி, அந்தப் பக்கம் இறக்கிக் குடுக்கிற வரைக்கும் அவர் பொறுப்பு."

"அதுல யாரு நம்பகமானவர்னு எப்படித் தெரியும்?"

"பெட்டி போய்ச் சேர்ந்தா தெரியும்."

"போய்ச் சேரலைன்னா?"

"அப்பவும் தெரியும்" என்றார் ஸ்டோர்ஸ்.

டெஸ்பாட்ச் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பான். படியிறங்கித் தெருவுக்கு வந்தபின், சரியாக இழுத்தோமா என்று திரும்பப் போய் மறுபடி இழுப்பான். இழுத்த இழுப்பில் ஒரு பூட்டு கெட்டே போயிருக்கிறது. அப்படிப்பட்டவனிடம் நம்பகமான ஆளைப் பார் என்று சொன்னது முதலாளியின் தவறு.

முதலில் போனது கண்ணாடிக் கதவு போட்ட ஓர் ஆபீஸுக்கு. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உட்காரச் சொன்னாள், டீ வரவழைத்தாள், ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள்.

"பெட்டிக்குள்ள என்ன சார் இருக்கு?"

"சேர்."

"சேர்ல என்னென்ன பார்ட்ஸ்?"

டெஸ்பாட்சுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. இதையெல்லாம் அவனிடம் யாரும் கேட்பதில்லை. "சீட்டு, முதுகு, கை ரெண்டு, சக்கரம் அஞ்சு, கேஸ்" என்றான்.

"கடைசியா என்ன சொன்னீங்க?"

"கேஸ்."

நாற்காலியின் நடுவில், சீட்டைத் தூக்கி இறக்குகிற ஒரு தண்டு இருக்கிறதல்லவா, அதற்குப் பட்டறையில் பெயர் கேஸ். இரும்புக் குழாய்க்குள் வாயுவை அடைத்து வெளியிலிருந்து வாங்குவார்கள். 'ரெண்டு கேஸ் எடுத்துட்டு வா', 'இந்தக் கேஸ் இறங்க மாட்டேங்குது' என்றுதான் அங்கே பேச்சு. அது வெளி உலகத்தில் எப்படிக் காதில் விழும் என்று யோசிக்க வேண்டிய சந்தர்ப்பம் இதுவரை வந்ததில்லை.

"கேஸ்னா... சிலிண்டரா?" என்று அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"சிலிண்டர்தான். நல்ல ஸ்ட்ராங்கான சிலிண்டர்."

"பிரஷர்ல இருக்கிற கேஸா சார்?"

"பிரஷர் இல்லைன்னா எப்படிம்மா தூக்கும்? எங்க முதலாளி மாதிரி ஆளையே தூக்கும்."

அம்மாள் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள். "அந்தத் தண்டு செய்யிற கம்பெனிக்காரங்க கிட்ட ஒரு பேப்பர் வேணும் சார். உள்ள என்ன கேஸ், எவ்வளவு பிரஷர், ஃப்ளைட்ல போனா ஆபத்தில்லைன்னு எழுதி. அது இல்லாம நாங்க பெட்டியைத் தொட மாட்டோம்."

டெஸ்பாட்சுக்குச் சுருக்கென்றது. வந்து உட்கார்ந்து பாதி டீ குடிப்பதற்குள் 'மாட்டோம்' என்கிறவர்களை எப்படி நம்புவது? மீதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். "சார், ஒரு நிமிஷம்" என்று அவள் கூப்பிட்டது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை.

இரண்டாவது ஆபீஸ் ஒரு தையல் கடையின் மாடியில் இருந்தது. ஒரு மேசை, ஒரு போன், ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு எதற்கும் ஒரே பதில்தான்.

"சார், ஏர் கார்கோல ஒரு சேர்..."

"ஆயிடும் சார்."

"எந்த ஊருக்குன்னு நான் இன்னும் சொல்லலையே."

"எந்த ஊரா இருந்தாலும் ஆயிடும் சார்."

டெஸ்பாட்சுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனாலும் சந்தேகப் பிராணி இல்லையா, ஒரு பரீட்சை வைத்துப் பார்க்க நினைத்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று கீழே இறங்கி, தையல் கடை வாசலில் நின்றுகொண்டு மாடிக்கு போன் செய்தான். முதல் மணியிலேயே எடுத்து "ஆயிடும் சார்" என்றது குரல். போன் எடுப்பவன்தான் பொறுப்பானவன் என்று முடிவு செய்து டெஸ்பாட்ச் மறுபடி மாடியேறினான்.

"சேர்ல கொஞ்சம்... கேஸ் இருக்கு" என்றான், முன்னே பட்ட அனுபவத்தில் குரலைத் தாழ்த்தி.

"இருக்கட்டும் சார். எல்லார் கிட்டயும்தான் இருக்கு. அதை வெளிய சொல்லிக்கிட்டா இருப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, அந்த 'ஆயிடும்' ஆசாமி 'நாற்காலி ஒன்று' என்று மட்டும் எழுதிக்கொண்டான்.

பெட்டி போயிற்று. டெஸ்பாட்ச் இரண்டு வேளை நன்றாகச் சாப்பிட்டான். மூன்றாவது வேளைக்குக் கை கழுவும்போது போன் வந்தது. விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையிலிருந்து ஓர் அதிகாரி.

"பெட்டி மேல உங்க நம்பர் இருக்கு. ஸ்கேன்ல உள்ள குழாய் மாதிரி ஒண்ணு தெரியுதே, என்னது?"

டெஸ்பாட்சிடம் ஆயிரம் குறை சொல்லலாம், பொய் சொல்ல மட்டும் வராது. "அது கேஸ் சிலிண்டர் சார். பயப்படாதீங்க" என்றான்.

அந்தப் பக்கம் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது.

அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, பெட்டி திறந்த வெளியில் தனியாக உட்கார்ந்திருந்தது. சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். எல்லோரும் எட்ட நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கம்பெனித் தயாரிப்பு எதற்கும் அதுவரை அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

'ஆயிடும்' ஆசாமிக்கு போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தான்.

"யோவ், பெட்டியைக் கட்டிப் போட்டுட்டாங்கய்யா!"

"ஆயிடும் சார்."

"என்னய்யா ஆயிடும்?"

"எல்லாம் ஆயிடும் சார்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பெட்டியைப் பிரித்தார்கள். சுற்றி வைத்திருந்த ஸ்பான்ஜைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை என்றதும் இன்னும் சந்தேகம் வந்து, இன்னும் சின்னத் துண்டுகளாக வெட்டினார்கள். கடைசியில் "நீங்களே உக்காந்து காட்டுங்க" என்றார் அதிகாரி. டெஸ்பாட்ச் உட்கார்ந்தான். இடது கையால் லிவரை இழுத்தான். 'புஸ்ஸ்' என்று நாற்காலி இறங்கியது. சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் தரையில் படுத்துவிட்டார்கள்.

"ஆபத்தில்லைன்னு எனக்குத் தெரியுது. ஆனா பேப்பர் இல்லாம இதை இங்க கொண்டு வராதீங்க" என்று அதிகாரி எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். படுத்தவர்களில் அவரும் ஒருவர்.

மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டார். அறைக்குள் நுழையும்போது அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரர் போலிருக்கிறது, அதட்டலும் கெஞ்சலும் கலந்து பேசினார். வைத்துவிட்டு இவனைப் பார்த்தார்.

"கஸ்டமர் கழுத்தைப் பிடிக்கிறானாம். சேர் எங்கய்யா?"

"போய்க்கிட்டே இருக்கு சார்." இதில் பொய் இல்லை. சேர் அப்போது ஆட்டோவில் அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலாளி கண்ணில் படாமல் வைக்க வேறு இடம் கிடையாது.

மறுபடி போன் அடித்தது. இந்த முறை வெளிநாட்டிலிருக்கும் மகள். முதலாளியின் குரல் குழைந்தது. "சொல்லும்மா... பிறந்தநாளுக்கு மாப்பிள்ளை பார்சல் அனுப்புறாரா? எதுக்கும்மா இதெல்லாம்... ஓ, லேட் ஆகுதா? விடும்மா. வரும்போது வரட்டும்."

போனை வைத்துவிட்டு டெஸ்பாட்சை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த ஊர்லயும் உன்னை மாதிரி ஒருத்தன் இருப்பான் போல. போய் வேலையைப் பாரு."

வேலையைப் பார்க்க வீட்டுக்குப் போனான். அங்கே மனைவி நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தபடியே காலால் உந்தி சமையலறைக்குப் போனாள், கத்தியை எடுத்தாள், உருண்டு திரும்பி வந்தாள்.

"என்னங்க, இவ்வளவு நல்லா இருக்கே, இதையா அனுப்பப் போறீங்க? வீட்டுக்கு ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வந்தா என்ன?"

"முதல்ல இது போகணும். இல்லைன்னா நான் போகணும்."

அவள் உரிப்பதை நிறுத்தினாள். விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டு, இந்த வீட்டில் எந்த விஷயத்தைக் கேட்டாலும் செய்கிறதைச் செய்தாள். தம்பிக்கு போன் போட்டாள்.

மச்சான் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடுகிறவன். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

"மாமா, நாங்க மனுஷனையே அனுப்புறோம். மனுஷன் சண்டை போடுவான், ஜன்னல் சீட்டு கேப்பான், வாந்தி எடுப்பான். சேர் வாயைத் திறக்குமா? நம்ம பிரதர் ஒருத்தர் இருக்காரு. ஃபார்வர்டர்தான். அவர் கிட்ட விட்டுடுங்க."

"கேஸ் இருக்கே?"

"அதுக்குத்தான் வழி இருக்கு. புது சேர்னு சொன்னாத்தானே நோண்டுவாங்க? வெளிநாட்டுல குடியேறப் போறவங்களோட பழைய வீட்டுச் சாமான்னு போட்டுடலாம். கூட ரெண்டு பழைய சாமானை வெச்சா நம்பிடுவாங்க."

டெஸ்பாட்சுக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் ஸ்பான்ஜ் எல்லாம் துண்டாகிப் போனதில் பெட்டிக்குள் நாற்காலி லொடலொடவென்று ஆடியது. எதையாவது திணித்தே ஆக வேண்டும். வாசலில் பிரதர் அனுப்பிய வண்டி ஹாரன் அடித்தது. படுக்கையறைக்குப் போய்த் தன் தலையணையைத் தூக்கிவந்து நாற்காலி முதுகுக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகினான். மச்சான் டேப் ஒட்டினான்.

வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் கட்டிலைப் பார்த்தான். அங்கே கிடந்தது அவனுடைய தலையணை.

இரண்டுக்கும் ஒரே துணியில் தைத்த உறை, நீலத்தில் வெள்ளைப் பூ. மனைவியுடையது பிறந்த வீட்டிலிருந்து அவளோடு வந்த இலவம்பஞ்சு. உறையின் ஒரு மூலையில் பழுப்பாக ஒரு முக்கோணம் இருக்கும். அவசரத்துக்கு அதன் மேல் சட்டையை விரித்து டெஸ்பாட்ச் இஸ்திரி போட்ட நாளின் ஞாபகம் அது. அன்று வாங்கிக் கட்டிக்கொண்டதை அவன் இன்னும் மறக்கவில்லை. அந்தத் தலையணை இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அவளுக்குத் தூக்கம் வராவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் வராது.

வண்டியைத் துரத்திக்கொண்டு பிரதரின் ஆபீஸைத் தேடிப் போனான். விலாசம் கிடைக்கவே மத்தியானமாகிவிட்டது. கதவைத் திறந்தால், பெட்டி மூலையில் காலியாகக் கிடந்தது. பிரதர் நாற்காலியில் சாய்ந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கண்ணை மூடிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறேன் சார்" என்றார், சுற்றுவதை நிறுத்தாமல். "சாமான் அருமை. தலையணை அதைவிட அருமை. நாலு நாள் என் கிட்டயே இருக்கட்டும், ஃப்ளைட்ல இடம் கிடைச்சதும் பார்ப்போம்."

டெஸ்பாட்ச் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதரை நாற்காலியிலிருந்து பிடித்து இழுத்தான். பூட்டை இழுத்துப் பழகிய கை உதவியது. எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு, ஒரு டெம்போ பிடித்தான். எங்கே போவது என்று டிரைவர் கேட்டான். டெஸ்பாட்சுக்குத் தெரிந்த ஃபார்வர்டர்களில் இன்னும் அவனை ஏமாற்றாதவர் ஒருவர்தான் மிச்சம்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அதே அம்மாள். அவனைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஒரு டீ வரவழைத்தாள்.

"நீங்க வேணாம்னுட்டீங்களேன்னுதான்..." என்று அவன் மென்று முழுங்கினான்.

"வேணாம்னு யார் சார் சொன்னா? ஒரு பேப்பர் கேட்டோம். அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டீங்க. அந்தத் தண்டு கம்பெனி நம்பர் இருந்தா குடுங்க."

அவளே பேசினாள். அந்தக் கம்பெனிக்காரர்கள் தினமும் பத்துப் பேருக்கு அந்தப் பேப்பரை அனுப்புகிறவர்கள் போலிருக்கிறது. அவன் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவளுடைய கம்ப்யூட்டரில் வந்து நின்றது. டெஸ்பாட்ச் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கமாக இருந்தது.

"இன்னிக்கு ஃப்ளைட்டுக்கே ஏத்திடலாம் சார். பெட்டியை இப்பவே மூடணும். உள்ள பேக்கிங்குக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

"தலையணை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் 'பேக்கிங்: பஞ்சு' என்று எழுதினாள்.

"அதை எடுத்துட்டு வேற ஏதாவது வைக்க முடியுமாம்மா?"

"வைக்கலாம். ஆனா பெட்டி நாளைக்குத்தான் போகும்."

ஒரு பக்கம் முதலாளி, ஒரு பக்கம் மனைவி. ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் தூக்கம். நாளைக்கு என்றால் முதலாளி வெளியே போகச் சொல்வார். மனைவி அப்படிச் சொல்ல மாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. டெஸ்பாட்ச் கண்ணை மூடிக்கொண்டு, "மூடிடுங்க" என்றான்.

"என் தலையணை எங்க?" என்றாள் மனைவி, அவன் செருப்பைக் கழற்றுவதற்குள்.

பொய் வராதவனுக்கு வேறு வழியில்லை. "வெளிநாட்டுக்குப் போயிருக்கு."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் பக்கத்து ஊருக்குப் போனதில்லை. என் தலையணை ஃப்ளைட்ல போயிருக்கா?"

"அவசரத்துல மாறிப் போச்சு. புதுசு வாங்கித் தர்றேன்."

வாங்கியும் வந்தான். விலை உயர்ந்தது, பையோடு. அவள் அதை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். "இதை நீங்களே வெச்சுக்கோங்க. ஹால்ல படுக்கும்போது தேவைப்படும். என்னோடது வர்ற வரைக்கும் அங்கதான் படுக்கை."

டெஸ்பாட்ச் ஹாலில் படுத்தான். ஆனாலும் அவனுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. பெட்டி ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கண்ணாடிக் கதவு அம்மாள் போன் செய்து சொன்னாள். எங்கே இறங்கியது, எப்போது ஏறியது, யார் வாங்கிக்கொண்டார்கள் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் வாழ்க்கையில் இழுத்துப் பார்க்கத் தோன்றாத முதல் பூட்டு அவள்தான்.

ஆறுதல் கொஞ்ச நாளில் கரைந்தது. தரையில் படுத்துப் படுத்து அவனுக்கும் முதலாளி மாதிரியே இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு நாள் துணிந்து, யாருக்கும் தெரியாமல் அந்த வெளிநாட்டுக் கடைக்கு எழுதினான். பெட்டியில் பேக்கிங்குக்காக வைத்த பஞ்சு ஒன்று, பஞ்சு என்றால் தலையணை, எங்கள் கம்பெனிக்கு மிக முக்கியமானது, தயவு செய்து திருப்பி அனுப்பவும்.

கடைக்காரரிடமிருந்து உடனே பதில் வந்தது. பெட்டியை நாங்கள் பிரிக்கவே இல்லை, எங்கள் கடை ஸ்டிக்கரை ஒட்டி, வாடிக்கையாளர் கொடுத்த விலாசத்துக்கு அப்படியே விமானத்தில் மறுபடி அனுப்பிவிட்டோம், அது எங்கள் நாட்டில் இல்லை, அதற்கு மேல் வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்வதில்லை, கன்டெய்னர் ஆர்டர் பின்னால் வருகிறது, உங்கள் சேவைக்கு நன்றி.

டெஸ்பாட்ச் அதைப் படித்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டான். ஆர்டர் வருகிறது. தலையணை இனி வராது. எந்த நாட்டில், எந்த மகாராசன் அதில் தலை சாய்த்துக் கிடக்கிறானோ. ஓய்வு பெறும் வரை ஹால்தான் என்று முடிவு கட்டிக்கொண்டிருந்தபோது, அக்கவுண்ட்ஸ் வந்து நின்றாள்.

"முதலாளி கூப்பிடுறாரு. நல்ல மூடுல இருக்காரு, எதாவது கேக்கிறதுன்னா இப்பவே கேட்டுடுங்க."

ஆர்டர் விஷயம் தெரிந்திருக்கும். சம்பளம் உயர்த்துவாரோ என்னவோ. கேட்டால் என்ன கேட்பது என்று நடந்துகொண்டே யோசித்தான். சம்பளம் வேண்டாம், வீட்டுக்கு ஒரு நாற்காலி கேட்கலாம். தலையணைக்குப் பதிலாக நாற்காலி என்றால் மனைவி ஒருவேளை இறங்கி வரக்கூடும். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அறை வாசலில் முதலாளியின் அப்பா காலத்து மர நாற்காலி வெளியே தள்ளப்பட்டு, சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அவன் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான்.

முதலாளி பெரிய மேசைக்குப் பின்னால், நெஞ்சுவரை மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து டெஸ்பாட்ச் பார்த்ததே இல்லை.

"வாய்யா. ஆர்டர் வந்துடுச்சு, சந்தோஷம். ஆனா அதுக்குக் கூப்பிடலை. மாப்பிள்ளை அனுப்பின பார்சல் வந்து சேர்ந்துடுச்சு. ஃபாரின்காரன் ஃபாரின்காரன்தான்யா! நீயும் பார்த்துக் கத்துக்கணும்னுதான் வரச் சொன்னேன்."

சொல்லிக்கொண்டே அவர் இடது கையை மேசைக்குக் கீழே விட்டார். 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. முதலாளி மெல்ல மேலே எழும்பி வந்தார்.

டெஸ்பாட்ச் பேந்தப் பேந்த விழித்தான்.

"சேரை விடுய்யா, அதை எவனும் செஞ்சிடுவான்" என்று முதலாளி முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட ஒன்றை இழுத்து எடுத்து, குழந்தையைப் போல மடியில் வைத்துத் தட்டினார். "முதுகுக்கு வெச்சுக்கச் சொல்லித் தலையணை ஒண்ணு இனாமா குடுத்திருக்கான் பாரு, அதுவும் மூலையில முக்கோணமாக் கம்பெனி முத்திரை குத்தி... நம்ம ஆளுங்களுக்கு இந்த ஜென்மத்துல இந்தப் புத்தி வருமா?"